என் வாசலில் உன் குரல்

மகனுக்கு,

நலம் விசாரித்து இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரியும். நேற்று நீ போனில் அனுப்பிய மூன்று காலிங் பெல் படங்களையும் பார்த்தேன். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை, இன்னொன்று பித்தளை நிறம். "புது ஃப்ளாட்டுக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு வாங்கப் போறேன்மா. இதுல வீட்டுக்குள்ளயும் சத்தம் கேக்கும். எது நல்லா இருக்குதுன்னு நீயே செலக்ட் பண்ணு" என்று எழுதி, கீழே ஒரு சிரித்த முகத்தையும் போட்டிருந்தாய். அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பி.பி. பார்த்துக்கொண்டேன். சரியாகத்தான் இருக்கிறது. இது கோபம்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லிப் பார்த்தேன். நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் "அம்மா, ஒரு நிமிஷம், நான் சொல்றதக் கேளு" என்று குறுக்கே வந்துவிடுகிறாய். கடிதத்துக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதவில்லை. ஊரில் தனியாக இருக்கும் தாய்க்கோ தகப்பனுக்கோ கேமரா வைத்த காலிங் பெல் வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைக்கிற எல்லாப் பிள்ளைகளும் படிக்கட்டும். உன் பெயரை எழுதவில்லை. அந்த அளவுக்கு உன்மேல் இரக்கம் மிச்சம் இருக்கிறது.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்குத் தெரியாது. கிராமத்து நர்ஸ். எக்கியார்குப்பம், பிரம்மதேசம், இந்தப் பக்கத்து உப்பளத் தெருக்கள் என்று நடந்தும் பஸ்ஸிலும் பிறகு ஸ்கூட்டியிலுமாகப் போய் வந்து, ரிடையர் ஆனேன். ரிடையர் ஆனது சம்பளத்துக்குத்தான். ஜனங்களுக்கு அது தெரியாது. பி.பி. பார்க்க, தடுப்பூசிக்கு எப்போது போகவேண்டும் என்று கேட்க, டாக்டர் எழுதிய மாத்திரையில் எது காலை எது ராத்திரி என்று தெரிந்துகொள்ள, மருமகளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று காதோடு சொல்ல, நம் வீட்டு வாசலுக்கு வந்துகொண்டேதான் இருந்தார்கள். உன் அப்பா இருந்தவரை அத்தனை பேருக்கும் அவர்தான் கதவைத் திறந்தார். பஸ் கண்டக்டராக நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து தட்டுக்கு முன்னால் உட்காரும்போதுதான் யாராவது கூப்பிடுவார்கள். "இந்த ஊர்ல யாருக்கும் நேரம் காலமே கிடையாதா" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போவார். முணுமுணுப்பு முடிவதற்குள் தாழ்ப்பாளைத் திறந்திருப்பார். வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு, மீதியை உள்ளே வந்து என்னிடம் திட்டுவார். நீ அவரிடமிருந்து அந்தத் திட்டை மட்டும் எடுத்துக்கொண்டாய். தாழ்ப்பாளைத் திறக்கிற கையை எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் போன பிறகு நான் தனியாக இருக்கிறேன் என்று நீ பயந்தாய். அது நியாயமான பயம். அடுத்த தெருவில் கேஸ் புக் பார்க்கவேண்டும் என்று சொல்லி வந்த ஒருவன், தனியாக இருந்த பெண்ணின் தாலிச் செயினை அறுத்துக்கொண்டு ஓடினான். அந்த வாரமே நீ சென்னையிலிருந்து வந்தாய். கேட்டுத் தூணில் துளை போட்டு, கேமரா வைத்த பெல்லை மாட்டி, கேட்டுக்கு ஒரு புதுப் பூட்டும் வாங்கிப் போட்டாய். "பகல்லயும் பூட்டியே வைம்மா. யாரு வந்தாலும் முதல்ல போன்ல மூஞ்சியப் பாரு. தெரிஞ்சவங்கன்னா மட்டும் போய்த் திற" என்றாய். நானும் சந்தோஷப்பட்டேன், இல்லையென்று சொல்லவில்லை. கொரியர்காரன் முகம் என் போனில் தெரிந்ததை மீன்காரம்மாவிடம் காட்டிப் பெருமை பேசினேன். "எம்மா, இன்னா தெளிவா இருக்குது" என்று அவளும் பார்த்துச் சிரித்தாள். எந்திரத்தின்மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. எந்திரத்தைக் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ள உன்னை விடமாட்டேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஒரே ஒரு தொந்தரவு இருந்தது. மாடு போனாலும் மணி அடித்தது. பைக் போனாலும் அடித்தது. முருங்கைக் கிளை காற்றில் ஆடினாலும் யாரோ வந்திருக்கிறார்கள் என்று போன் சொன்னது. மத்தியானம் கண் அயர முடியவில்லை என்று உன்னிடம் சொன்னேன். "நான் இங்கருந்தே சரி பண்ணிட்றேன்மா" என்றாய். மறுநாள் சத்தம் நின்றுவிட்டது. பிள்ளை படித்த படிப்பு வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஆட்கள் வருவது குறைந்தது. முதலில் நான் கவனிக்கவில்லை. உப்பு சீசன் தொடங்கிவிட்டது, விடியுமுன்னே பாத்திக்குப் போகிறவர்கள், அசந்திருப்பார்கள் என்று எண்ணினேன். வாரங்கள் போயின. பி.பி. பார்க்கும் கருவி துடைத்து ஹாலில் மேசைமேல் வைத்தபடியே இருந்தது. யாரும் வரவில்லை. ரிடையர் ஆனபோது வராத வெறுமை அப்போதுதான் வந்தது. சரி, புதிதாக வந்திருக்கிற நர்ஸ் பெண் கெட்டிக்காரி, அவளிடம் போகிறார்கள், அதுதானே முறை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒருநாள் உன்னிடம்கூடச் சொன்னேன், நினைவிருக்கிறதா? "இப்பல்லாம் என்னைத் தேடி யாருமே வர்றதில்லப்பா. வயசாயிருச்சுல்ல" என்றேன். நீ என்ன சொன்னாய்? "நல்லதுதானேம்மா, ரெஸ்ட் எடு" என்றாய். எல்லாம் தெரிந்துகொண்டே அதைச் சொன்னாய். அன்று நான் தொலைபேசியை வைத்துவிட்டு, உன் அப்பா படத்துக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அது உனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்.

இனி சேகரைப் பற்றி. நம் தெரு முடிந்து உப்பளப் பாதை திரும்பும் இடத்தில் ஓட்டு வீட்டில் இருக்கிறான். அவனும் அவன் மனைவி தனமும் இரண்டு பேருமே உப்பளத்தில் கூலி. அவன் பாத்தியில் இறங்கி, நீளக் கழி வைத்த பலகையால் உப்பை இழுத்துச் சேர்ப்பான். அவள் கூடையில் வாரித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுவாள். அவனுக்கு பி.பி. அதிகம். மாத்திரையை ஒழுங்காகப் போடமாட்டான். அதனால் தனத்தைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லியிருந்தேன். "வாய் ஒரு பக்கமா இழுத்தாலோ, கை தூக்க முடியலைன்னாலோ, பேச்சு குழறினாலோ, தண்ணி குடுக்காதே, தூங்கட்டும்னு படுக்க வைக்காதே, ஒரு நிமிஷம்கூட நிக்காம என்கிட்ட ஓடி வா. நான் பாத்துக்கறேன்." அவளைத் திருப்பிச் சொல்லவும் வைத்தேன். என் வேலையே அதுதான். சொல்வது, திருப்பிச் சொல்லவைப்பது.

கத்திரி வெயிலில் ஒரு மத்தியானம். நான் வீட்டின் பின்பக்கம் துவைக்கிற கல்லில் போர்வைகளை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை பால் வாங்கப் போனபோதுதான், சேகரைப் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், கையும் காலும் வரவில்லை, பேச்சும் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். பால் பாத்திரத்தைக் கடையிலேயே வைத்துவிட்டு பஸ் ஏறினேன். வழி முழுக்க எனக்குத் தனத்தின்மேல்தான் ஆத்திரம். அத்தனை தடவை சொல்லியும் வரவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

வார்டுக்கு வெளியே, சுவரோரமாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு தனம் உட்கார்ந்திருந்தாள். காலில் உப்புப் பூத்தது அப்படியே இருந்தது. குளிக்காமலே வந்திருக்கிறாள். நான் நின்றபடியே கேட்டேன்.

"ஏண்டி, நான் உனக்கு எத்தனை வாட்டி சொன்னேன்? ஏன் என்கிட்ட வரலை?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை. குழப்பம்தான் இருந்தது.

"வந்தேன் நர்சம்மா. சாப்பிடறப்போ எங்க வீட்டுக்காரர் வாயில இருந்து சோறு கொட்டுச்சு. நீங்க சொன்னது ஞாபகம் வந்துது. ஓடி வந்து பெல் அடிச்சேன். உங்க பையன் பேசினாரு."

"எந்தப் பையன்? அவன் சென்னையில இருக்கான்டி."

"அவர்தான் நர்சம்மா. அவரு குரல் எனக்குத் தெரியாதா? 'அம்மா ரெஸ்ட் எடுக்கறாங்க, இப்போ யாரையும் பாக்க மாட்டாங்க, அப்புறம் வாங்க'ன்னாரு. அவசரம்பா, கொஞ்சம் கூப்பிடுப்பான்னேன். அதுக்கு அவரு ஒண்ணும் சொல்லலை. மறுபடியும் அடிச்சேன். மறுபடியும் அதையேதான் சொன்னாரு. கோவமா இருக்கிறாரு போலன்னு நினைச்சேன்."

"கத்திக் கூப்பிட்டிருக்கக் கூடாதா? கேட்டை உடைச்சிருக்கக் கூடாதா?"

"உங்க வீடு நர்சம்மா. உங்க புள்ளையே வேணாம்னு சொல்லும்போது நான் எப்படிக் கத்துவேன்?"

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மீதியை அவள்தான் சொன்னாள். திரும்பிப் போயிருக்கிறாள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் வெயில் அடித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். மோர் கொடுத்துப் படுக்கவைத்திருக்கிறார்கள். நான் எதைச் செய்யாதே என்று சொன்னேனோ அத்தனையும் நடந்திருக்கிறது. அவனும் ஒரு கையால் சைகை காட்டி, ஒன்றுமில்லை, தூங்கினால் சரியாகிவிடும் என்றிருக்கிறான். நர்சம்மா வெளியே வரவில்லை என்றால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளாம். பொழுது சாய்ந்த பிறகு எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. அப்புறம்தான் ஆம்புலன்ஸ்.

டாக்டர் என்னிடம் பொறுமையாகப் பேசினார். நானும் நர்ஸ் என்று தெரிந்ததும் இன்னும் வெளிப்படையாகவே சொன்னார். இதற்குப் போடும் ஊசிக்கு ஒரு நேரம் உண்டு. அந்த நேரம் கடந்த பிறகு வந்தார்கள். உடனே வந்திருந்தால் முழுவதும் சரியாகியிருக்குமா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, வாய்ப்பு இருந்திருக்கும் என்றார். நான் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நீதான் அவன் கையை முடக்கினாய் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. அந்த வாய்ப்பு நம் வீட்டு கேட்டு வரைக்கும் வந்தது. அதைத் திருப்பி அனுப்பியது உன் குரல். இதைச் சொல்ல எனக்கு ஆதாரம் இருக்கிறது.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே உனக்குப் போன் செய்தேன். என்ன பேசினோம் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ பேசியதை நீயே ஒருமுறை கண்ணால் படிக்கவேண்டும்.

"நம்ம பெல்லுல உன் குரல் எப்படிடா வந்துது?" என்று கேட்டேன்.

"அதும்மா, நான் ரெக்கார்ட் பண்ணி வச்சேன். யாராவது பெல் அடிச்சா அதுவா பேசும். நீதானே தூங்க முடியலைன்னு சொன்னே?"

"என் போன்ல ஏன் மணி அடிக்கலை?"

"உன் போன்ல ஆஃப் பண்ணி வச்சிருக்கேன். எல்லாம் எனக்குத்தான் வரும். முக்கியமானவங்கன்னா நான் உனக்குப் போன் பண்ணிச் சொல்வேன்ல?"

"நேத்து சேகருக்கு வாய் கோணிப்போய் தனம் ஓடி வந்தப்ப?"

"மீட்டிங்ல இருந்தேன்மா. ஏதோ ஒரு லேடி நின்னாங்க. பி.பி. பாக்க வந்திருப்பாங்கன்னு போன்ல அதைத் தள்ளி விட்டுட்டேன்" என்றாய். அதோடு நிறுத்தியிருந்தால்கூட நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். நீ நிறுத்தவில்லை. "எல்லாரும் உன்ன யூஸ் பண்ணிக்கறாங்கம்மா. கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி இருக்குது, அங்க போக வேண்டியதுதானே? நீ இன்னும் டியூட்டியிலயா இருக்கே? அந்தச் சேகர் நமக்கு யாரு? சொந்தமா?"

அதற்கு அன்று பதில் சொல்லாமல் போனை வைத்தேன். இப்போது சொல்கிறேன். சேகர் நமக்கு யாருமில்லை. சின்ன வயதில் அவன் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான், கடலிலிருந்து காப்பாற்றினான் என்றெல்லாம் சொல்லி உன்னை உருகவைக்க என்னிடம் கதை எதுவும் இல்லை. அவன் நமக்கு ஒரு உதவியும் செய்ததில்லை. உன் அப்பா சாவுக்கு வந்தான், கடைசியில் நின்றான், போனான். அவ்வளவுதான் பழக்கம். கைம்மாறு செய்யவேண்டியவர்களுக்குத்தான் கதவைத் திறக்கவேண்டும் என்றால், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வீட்டுக்குத் திரும்பியிருப்பேன்.

உனக்கு ஒன்று நினைவிருக்க வேண்டும். நீ ஐந்தாம் வகுப்போ ஆறாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தாய். நல்ல மழை. புதுச்சேரி பஸ்ஸிலிருந்து பாதியில் இறங்கி, நர்ஸ் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு, யாரோ ஒரு புருஷனும் பெண்சாதியும் கையில் குழந்தையோடு வந்தார்கள். காய்ச்சலில் குழந்தைக்கு வெட்டு வந்து, கைகால் இழுத்து, கண் செருகிக்கிடந்தது. உன் அப்பா வழக்கம்போல முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். உன் பாயில்தான் அந்தக் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, துணியை நனைத்துத் துடைத்து, காய்ச்சலைத் தணித்து, ஜீப் பிடித்து அனுப்பினோம். பாய் நனைந்துவிட்டது என்று நீ அழுதாய். அவர்கள் யார், எந்த ஊர், அந்தக் குழந்தை இப்போது எங்கே இருக்கிறது, எதுவும் எனக்குத் தெரியாது. நீ அனுப்பிய மூன்று படத்தில் பித்தளை நிறத்தில் இருப்பதற்குக் கீழே, தெரிந்த முகத்தையும் தெரியாத முகத்தையும் அதுவே பிரித்துச் சொல்லும் என்று போட்டிருந்தது. நீ அதற்கு ஒரு நட்சத்திரம் வேறு குறித்திருந்தாய். என் வாசலுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் முதல் தடவை வரும்போது தெரியாத முகம்தான். அந்த எந்திரம் அவர்களை என்ன வரிசையில் நிறுத்தும்?

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து பெல்லைக் கழற்றச் சொன்னேன். "நல்லா வேலை செய்யுதே நர்சம்மா, ஏன் கழட்றீங்க?" என்றார். "நல்லா வேலை செஞ்சதனாலதான் கழட்றேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. சாதாரண பட்டன் வைத்து, ஹாலில் ஒன்றும் பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கு மேலே ஒன்றுமாக மணி மாட்டவைத்தேன். பகலில் கேட்டைப் பூட்டுவதில்லை. இருட்டின பிறகு பூட்டுகிறேன், பயமில்லாமல் இல்லை.

பிறகு தெருத்தெருவாகப் போனேன். ரிடையர் ஆன பிறகு அப்படி நடந்ததில்லை. வீடு வீடாக நின்று, நான் இருக்கிறேன், உடம்புக்கு ஒன்றுமில்லை, எப்போதும்போல வாருங்கள் என்று சொன்னேன். அப்போதுதான் நீ இத்தனை நாளும் என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று தெரிந்தது. ஒருத்தி ஏழு மாதக் கர்ப்பம், கால் வீங்குகிறது என்று கேட்க வந்திருக்கிறாள். உன் குரல் கேட்டுத் திரும்பியிருக்கிறாள். நல்லவேளை, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். இன்னொருவர், "உங்களுக்கு ரொம்ப முடியலைன்னு நினைச்சோம், அதான் தொந்தரவு பண்ண வேணாம்னு" என்றார். மீன்காரம்மா, "புள்ளை மெட்ராஸுக்கே கூட்டிக்கினு போகப் போறாரு, வீட்டை விக்கப் போறாங்கன்னு பேசிக்கிட்டாங்க" என்றாள். நான் உள்ளே உட்கார்ந்து யாராவது வரமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே அவர்கள் நான் ஓய்ந்துவிட்டேன் என்று முடிவு கட்டியிருந்தார்கள். நடுவில் நீ நின்றுகொண்டு இரண்டு பக்கத்துக்கும் பொய் சொல்லியிருக்கிறாய். உயிரோடு இருக்கும்போதே ஊருக்குள் என்னை இல்லாமல் ஆக்கிவிட்டாயே, உன்னைப் பெற்றவள்தானே நான்? பாசத்தில்தான் செய்தேன் என்று சொல்வாய். ஆமாம், பாசம்தான். என்னைக் கேட்காத பாசம்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் நீ எனக்கு அனுப்பியது மூன்று படம். பெல்லில் கோளாறு என்று நினைக்கிறாய். உள்ளே சத்தம் கேட்கிற மாடலாக மாற்றிவிட்டால் நடந்தது சரியாகிவிடும் என்று நினைக்கிறாய். எனக்கு எதுவும் வாங்கவேண்டாம். உன் புது ஃப்ளாட்டுக்கு வாங்கத்தான் போகிறாய். கேட்டதால் சொல்கிறேன், கேட்டுக்கொள். முதலில், அடித்தால் வீட்டுக்குள் இருப்பவருக்குக் கேட்கவேண்டும். சமையலறையில் மிக்ஸி ஓடும்போதும் கேட்கவேண்டும். கரண்ட் போனாலும், வைஃபை போனாலும் கேட்கவேண்டும். உன் பையில் இருக்கும் போனில் மட்டும் அடித்தால் அது வீட்டு மணி இல்லை, உன் மணி. உன் மனைவி வீட்டில் இருக்கும்போது அவள் போனில் எதை நிறுத்தினாலும் அவளைக் கேட்டுவிட்டு நிறுத்து. அவளுக்குத் தெரியாமல் ஒன்றைக்கூடத் தொடாதே. கேமரா உன் வாசலைப் பார்க்கட்டும், எதிர் வீட்டுக்காரர் எப்போது வருகிறார் போகிறார் என்று உனக்கு எதற்கு? தானாகப் பதில் சொல்லும் குரலை வைக்காதே. வைத்தே ஆகவேண்டும் என்றால் அது எந்திரத்தின் குரலாக இருக்கட்டும். மனிதக் குரல் கேட்டால், அந்தப் பக்கம் ஒரு மனிதன் இருக்கிறான், தான் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் வேண்டாம் என்கிறான் என்று நம்பிவிடுவார்கள். தனம் நம்பினாள். அவசரம்பா என்று அவள் கெஞ்சியது யாரிடம்?

சேகரை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். வலது கை வரவில்லை. கால் கொஞ்சம் தேறியிருக்கிறது, சுவரைப் பிடித்து நிற்கிறான். பேச்சு பாதி புரிகிறது. தினமும் காலையில் போய்க் கையைத் தூக்கி மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்கிறேன். வலித்தால் என்னைப் பார்த்து முறைப்பான். முறைக்கிறவரைக்கும் நல்லது. நடந்தது என்ன என்று தனத்திடம் சொல்லிவிட்டேன். அது பதிந்து வைத்த குரல், அந்த நேரத்தில் என் பிள்ளை உன்னிடம் பேசவே இல்லை, கேமராவில் பார்த்தான், பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டான் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவள், "அப்போ அவரு கோவத்துல சொல்லலையா நர்சம்மா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உப்பளத்துக்குக் கிளம்பினாள். இப்போது கூலிக்குப் போவது அவள் ஒருத்திதான்.

உன் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டதாக மருமகள் சொன்னாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவளுக்கு இது எதுவும் தெரியாது என்று அவள் அழுததிலேயே தெரிந்தது. நான் வரவேண்டும் என்றால் அதற்கு முன்னால் நீ இங்கே வா. நம் வீட்டுக்கு வராதே. நேராக உப்பளப் பாதை திருப்பத்தில் இறங்கி, அந்த ஓட்டு வீட்டுக்குப் போ. பழக்கூடை, பணக் கவர் எதையும் தூக்கிக்கொண்டு போகாதே. அவன் மருந்துச் செலவை நாம் எப்படிப் பார்ப்பது என்று பிறகு நானும் நீயும் உட்கார்ந்து பேசலாம். முதலில் வெறுங்கையோடு போ. அந்த வாசலில் நின்று கூப்பிடு. நான் உன்னோடு வரமாட்டேன்.

அவர்கள் உன்னை அடிக்கப்போவதில்லை. திட்டப்போவதும் இல்லை. திட்டினால் உனக்குச் சுலபமாக இருக்கும். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடலாம். தனத்தை எனக்குத் தெரியும். உன்னைப் பார்த்ததும் மூலையில் மடக்கி வைத்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியைப் பிரித்துத் துடைத்துப் போடுவாள். சேகர் இடது கையை ஊன்றி எழுந்து நிற்கப் பார்ப்பான். "வாப்பா, வெயில்ல வந்திருக்கியே, சாப்பிட்டியா?" என்று அவள் கேட்பாள். நீ என்ன பதில் சொல்லப்போகிறாய் என்று நான் சொல்லித்தர மாட்டேன்.

அம்மா